இருநூற்றுப் பதினாலாம் பக்கம்

நான் முதன்முதலாக அந்த மாடி அறைக்குள் போனபோது, கணினி பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. அந்த வாரத்தில் அதே முதல் பக்கத்துக்கு அது வந்து நிற்பது நான்காவது முறை என்று ஆச்சி சொன்னார்.

காரைக்குடியில், பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், நோட்டுப்புத்தகக் கடை ஒன்றின் மேல்மாடியில் இரண்டு அறைகள். பார்வை இல்லாதவர்களுக்குப் பாடப்புத்தகங்களை ஒலிப்புத்தகமாக ஆக்கிக் கொடுக்கிற சின்ன அமைப்பு அது. நடத்துகிறவரை எல்லோரும் ஆச்சி என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். அவருடைய கணவருக்கு நடுவயதில் சர்க்கரையால் பார்வை போனது. அவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்ட ஆரம்பித்து, பிறகு தெருவில் ஒரு கல்லூரி மாணவனுக்காகப் பாடம் வாசித்துப் பதிவு செய்து, அது கைவிட முடியாத வேலையாகிவிட்டது என்று சொன்னார். கேட்பவர்கள் பெருகியதும் வாசிக்க ஆள் போதவில்லை. யாரோ ஒருவர் நல்ல கணினி ஒன்றை நன்கொடையாகத் தந்தார். இன்னொருவர் ரூபி என்ற கணினி மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்து, அதைக் குரலாக மாற்றி, பக்கம் பக்கமாகச் சேர்த்து வைக்கும் புரோகிராம்.

நான் சென்னையில் பதினான்கு வருடம் ரூபியில்தான் வேலை பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் குழு முழுவதையும் கலைத்துவிட்டார்கள். கணவருக்குக் காரைக்குடியில் கல்லூரி வேலை, மகளுக்கு எட்டு வயது. இனி எதற்குத் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று இங்கேயே வந்துவிட்டேன். வீட்டிலிருந்தபடி ஆறு மாதம் நேர்காணலுக்கு மேல் நேர்காணலாகப் பேசிக்கொண்டிருந்தேன். எதுவும் அமையவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதானோ என்ற எண்ணம் மெல்ல வேர்விட்டிருந்தது. அந்த நேரத்தில்தான் கணவரின் நண்பர் ஒருவர், "ஆச்சியோட கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதாம், ஒரு அரை மணி நேரம் பாத்துட்டு வாங்களேன்" என்றார்.

அரை மணி நேரத்தில் விஷயம் புரிந்துவிட்டது. ஒரு புத்தகத்தை முடிக்க அந்தக் கணினிக்கு ஒன்பது பத்து மணி நேரம் வேண்டும். திரையில் பக்க எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிற வேலை. நடுவில் மின்சாரம் போனால் யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும். பிறகு கணினி தன்னிடம் ஓடுகிற எல்லா வேலைகளுக்கும் "நிறுத்திக்கொள்" என்று சொல்லி, அரை நிமிடம் அவகாசம் கொடுத்து, அணைந்துவிடும். மின்சாரம் வந்ததும் அந்த வேலை மறுபடி வரிசையில் வந்து நிற்கும். அதுவரை சரிதான். ஆனால் புது வேலையாக வந்து நிற்கும். முன்பு எவ்வளவு தூரம் போயிருந்தது என்பது அதற்குத் தெரியாது. மறுபடி ஒன்றாம் பக்கம்.

"நேத்து சாயங்காலம் முந்நூறாம் பக்கம் போயிருந்துச்சு. கண்ணால பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்" என்றார் ஆச்சி. "காலையில வந்து பாத்தா ஒண்ணு. நான் என்ன செய்வேன், மின்வாரியத்துல எந்த நாள் பராமரிப்புன்னு கேட்டு எழுதி வச்சுக்கிட்டு, கரண்டு இருக்கிற நாளாப் பாத்துப் பெரிய புத்தகத்தப் போடுறேன்."

மேசை மேல் ஒரு நாட்காட்டி கிடந்தது. மின்தடை நாட்களில் சிவப்பு மையால் வட்டம். பெரிய புத்தகம் போடத் தோதான நாட்களில் பச்சை வட்டம். பச்சை மிகக் குறைவாக இருந்தது.

"எங்க விட்டோம்னு அதுக்கு ஞாபகம் இல்ல ஆச்சி. குறிச்சு வச்சுக்கச் சொல்லிக் கொடுக்கணும்" என்றேன்.

"அதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"ரெண்டு நாள்" என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதத்தில் ஒரு வேலைக்கு நான் துணிந்து நாள் சொன்னது அதுதான் முதல் தடவை.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, வேலை நடுவில் நிற்கச் சம்மதிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் தலையைத் தூக்கி, யாராவது நிறுத்தச் சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். சொல்லியிருந்தால், அடுத்த பக்கத்தைத் தொடாமல், தன்னைத் தானே வரிசையில் திரும்ப வைத்துவிட்டு ஒதுங்க வேண்டும். இரண்டாவது, மறுபடி எழும்போது முதலில் தன் குறிப்பைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். இப்போது ரூபியில் எழுதுகிறவர்களுக்கு இதற்கென்றே வசதிகள் வந்திருக்கின்றன. வேலையைப் படிகளாகப் பிரித்துக்கொண்டு, எந்தப் படியில் எது வரை வந்தோம் என்பதை ஒரு சுட்டியாக, அதாவது இடத்தைக் காட்டும் குறிப்பாகச் சேமித்துவைக்கலாம். சென்னையில் பெரிய சர்வர்களோடு வேலை பார்த்தபோது எனக்கு இதற்குத் தேவையே வந்ததில்லை. அங்கே மின்சாரம் போவதில்லை. ஆவணங்களை வாசித்துக் கற்றுக்கொண்டேன். ஆனால் பழைய புரோகிராமோடு அந்த வசதிகள் பொருந்தி வராததால், சுட்டியைச் சேமிக்கும் வரிகளை நானே எழுதினேன்.

மூன்றாம் நாள் ஆச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். யுபிஎஸ் கத்தியது. பத்து நிமிடம் கழித்துக் கணினி ஒழுங்காக அணைந்தது. பிளக்கைச் செருகினோம். திரையில் 'பக்கம் 38 முதல் தொடர்கிறது' என்று வந்தது.

ஆச்சி அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு நாட்காட்டியைச் சுவரிலிருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே போனேன்.

இரண்டு வாரம் போனது. காளையார்கோவிலிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு. ஆச்சிதான் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். பேசியவள் இருபத்தெட்டு வயதுப் பெண். பிறவியிலேயே பார்வை இல்லை. வரலாற்றில் முதுகலை முடித்துவிட்டு, அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சி வகுப்புக்காகத் தினமும் சிவகங்கைக்குப் பேருந்தில் போய்வருவாள். போகும்போதும் வரும்போதும் எங்கள் ஒலிப்புத்தகங்களைத்தான் கேட்பாளாம்.

"அக்கா, பன்னெண்டாம் வகுப்பு வரலாறுல இருநூத்திப் பதினாலாம் பக்கம் இல்லக்கா."

"எப்படித் தெரிஞ்சது?"

"இருநூத்திப் பதிமூணு, 'இதற்கு மூன்று காரணங்கள் உண்டு'ன்னு முடியுது. அடுத்தாப்புல இருநூத்திப் பதினஞ்சுன்னு சொல்லிட்டு, 'மூன்றாவதாக'ன்னு ஆரம்பிக்குது. நடுவுல ரெண்டு காரணம் எங்குட்டுப் போச்சுன்னு தெரியல."

பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தேன். எல்லாப் புத்தகங்களின் பக்கங்களையும் எண்ணிப் பார்க்க ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓட்டினேன். ஆறு புத்தகங்களில் பதினொரு பக்கங்கள் இல்லை. நான் கை வைப்பதற்கு முன்பு, ஒரு புத்தகம் முடிந்தால் முழுதாக முடிந்தது. முடியாவிட்டால் முடியவில்லை என்றாவது தெரிந்தது. இப்போது முழுதாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டு ஓட்டையோடு போயிருக்கிறது. தேர்வுக்குப் படிக்கிறவர்களின் காதுக்குப் போயிருக்கிறது.

மூன்று மணி நேரம் பார்த்தும் எங்கே தவறு என்று எனக்குப் பிடிபடவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் சரியாகத்தான் தொடர்ந்தது. கடைசியில் அந்தப் பெண்ணையே கூப்பிட்டு, தவறு என்னுடையதுதான், காரணம் இன்னும் தெரியவில்லை, தேடுகிறேன் என்று சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க எப்பக் குறிக்கிறீகக்கா?" என்று கேட்டாள்.

"என்னது?"

"ஆச்சி சொன்னாக, எந்தப் பக்கம் வரைக்கும் வந்துச்சுன்னு அது குறிச்சு வச்சுக்கிரும்னு. பக்கத்த முடிச்சுட்டுக் குறிக்குதா, ஆரம்பிக்கிறப்பவே குறிச்சுருதா?"

அவளே தொடர்ந்தாள்.

"நான் பஸ்ஸுல கேட்டுக்கிட்டே போவேன். எறங்குற எடம் வந்தா சட்டுன்னு நிறுத்திருவேன். மறுபடி போடுறப்ப அரைப் பக்கம் பின்னாடி தள்ளித்தான் போடுவேன். கேட்டதையே இன்னொரு தடவ கேட்டா ஒண்ணும் கொறஞ்சு போகாது. கேக்காத வரியக் கேட்டதா நெனச்சுக்கிட்டுப் போயிட்டா, அப்பறம் அது எங்க விட்டுப்போச்சுன்னே தெரியாதுக்கா."

தொலைபேசியைக் காதில் வைத்தபடியே புரோகிராமைத் திறந்தேன். பக்கம் 214 என்று சுட்டியைச் சேமிக்கும் வரி மேலே இருந்தது. பக்கத்தைக் குரலாக்கும் வரி அதற்குக் கீழே. நான் பிளக்கைப் பிடுங்கியபோதெல்லாம் யுபிஎஸ் பத்து நிமிடம் கொடுத்தது. வேலை ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடாமல் மரியாதையாக நின்றது. ஆனால் யுபிஎஸ்ஸின் பேட்டரி பழசு. சில நாள் பத்து நிமிடம் தாங்கும், சில நாள் பத்து வினாடிகூடத் தாங்காது. அப்படிப் பட்டென்று போன நாட்களில், குறித்தாகிவிட்டது, செய்து முடிக்கவில்லை. திரும்ப எழுந்ததும், '214 குறித்திருக்கிறது, அடுத்தது 215' என்று போய்விட்டது.

மேலே இருந்த வரியைக் கீழே கொண்டுபோனேன். அவ்வளவுதான்.

"இருக்கீகளாக்கா?"

"இருக்கேன். கண்டுபிடிச்சாச்சு. நீதான் கண்டுபிடிச்ச" என்றேன். அதுவரை நீங்க என்று பேசிவந்த நான் நீ என்றதை அப்புறம்தான் கவனித்தேன். அவள் சிரித்தாள்.

வரியை இடம் மாற்றினால் அதற்கொரு மறுபக்கம் உண்டு. பக்கம் முடிந்து, குறிப்பதற்குள் மின்சாரம் போனால், அதே பக்கம் இரண்டு தடவை செய்யப்படும். அப்படியே விட்டால் புத்தகத்தில் ஒரே பக்கம் இரண்டு முறை ஒலிக்கும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் ஒலிக்கும் அந்தப் பக்க எண்ணையே பெயராக வைத்தேன். இரண்டாம் தடவை செய்தது முதலில் செய்ததன் மேலேயே போய் உட்காரும். எத்தனை தடவை செய்தாலும் புத்தகத்தில் ஒரே ஒரு இருநூற்றுப் பதினாலு. விட்டுப்போன பதினொரு பக்கங்களை மட்டும் தனியாக ஓட்டினேன். அவளுடைய பக்கத்தை முதலில் அனுப்பினேன். கால் மணி நேரத்தில், 'ரெண்டு காரணமும் வந்துருச்சுக்கா' என்று குரல்பதிவு வந்தது. ஆச்சி புது பேட்டரி வாங்கிப் போட்டார்.

பிறகு உண்மையான சோதனை வந்தது. சித்திரை வெயிலில், தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, புதிய பதிப்புப் புத்தகங்கள் வந்தன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தேர்வுக்குத் தேவையானவை நாற்பது. எல்லாவற்றையும் மறுபடி ஒலியாக்க வேண்டும். ஆச்சியும் இரண்டு தன்னார்வலர்களும் ஒரு வாரம் உட்கார்ந்து ஸ்கேன் செய்தார்கள். நாற்பதையும் வரிசையில் போட்டோம்.

மறுநாள் என் மகளுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினோம். நான் எங்கும் போவதற்கில்லை, யாரும் வருவதற்கும் இல்லை. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு ஆச்சி கூப்பிட்டார்.

"இன்னைக்குப் பராமரிப்பு. அஞ்சு மணி வரைக்கும் கரண்டு இல்ல. நான் என்ன செய்யணும், சொல்லுங்க. ஒரு பேப்பர்ல எழுதிக்கிறேன்."

"ஒண்ணும் செய்ய வேணாம் ஆச்சி. பூட்டிட்டு வீட்டுக்குப் போங்க."

"ஒரு பட்டனையும் அமுக்க வேணாமா?"

"வேணாம். கரண்டு வந்தா அதுவா எந்திரிக்கும், அதுவா தொடரும்."

"நெசமாத்தான் சொல்றீகளா?" என்றார். "நெசமாத்தான்" என்றேன். குரலைத் திடமாக வைத்துக்கொண்டேனே தவிர, எனக்கே முழு நம்பிக்கை இல்லை. பகல் முழுவதும் மகளுக்கு இளநீர் கொடுப்பதும், அரிப்புக்கு வேப்பிலையால் தடவி விடுவதும், கைபேசியைப் பார்ப்பதுமாக இருந்தேன். நான் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவளும் எட்டிப் பார்த்தாள். ஐந்தே காலுக்கு, நான் ஏற்படுத்தி வைத்திருந்தபடி, மாடி அறைக் கணினியிடமிருந்து செய்தி வந்தது. பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியல், பக்கம் 163 முதல் தொடர்கிறது.

மகளிடம் காட்டினேன். "நடுவுல நிறுத்துனா அதுக்குக் கோவம் வராதா?" என்று கேட்டாள்.

"முன்னாடி வந்துச்சு. இப்ப வர்றதில்ல."

"எனக்கு வரும்" என்று சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக் காட்டினாள், தடவிவிடச் சொல்லி.

அந்த வாரத்தில் ஒரு புத்தகம் மட்டும் அடம் பிடித்தது. புவியியல். பக்கங்களெல்லாம் முடிந்துவிட்டன. கடைசிப் படி, எல்லாப் பக்கங்களையும் ஒரே கோப்பாக இணைப்பது. அந்தப் புத்தகத்தின் நீளத்துக்கு அது முக்கால் மணி நேரம் எடுத்தது. வெயில் காலத்தில் மின்சாரம் அரை மணிக்கு ஒருமுறை கண்ணாமூச்சி ஆடியது. இணைப்பை ஒரே படியாக விட்டிருந்தேன். நடுவில் நின்றால் அந்தப் படி முதலிலிருந்து தொடங்கும். 'இணைப்பு தொடங்குகிறது' என்ற செய்தி ஒரே நாளில் ஐந்து முறை வந்தது. தலையைத் தூக்கிப் பார்க்கவே நேரமில்லாத அளவுக்குப் பெரிய படியாக ஒன்றை வைத்துவிட்டால், குறிப்பு இருந்தும் பயனில்லை. மகள் மதியம் தூங்கிய நேரத்தில் அதை உடைத்தேன். பாடம் பாடமாக இணைத்து, ஒவ்வொரு பாடம் முடிந்ததும் குறித்துக்கொள்ளும்படி செய்தேன்.

இந்தத் திருத்தத்தைக் கணினியில் ஏற்ற, ஓடிக்கொண்டிருக்கும் வேலையை நிறுத்தியாக வேண்டும். அப்போது வேறொரு புத்தகம் பாதியில் இருந்தது. சென்னையில் இப்படி ஒன்றுக்கு நாலு பேரிடம் அனுமதி கேட்போம், யாருக்கும் தொந்தரவில்லாத நேரம் பார்ப்போம். நான் வீட்டிலிருந்தே, இணையம் வழியாக, நிறுத்தினேன், ஏற்றினேன், கிளப்பினேன். பாதியில் இருந்த புத்தகம் விட்ட பக்கத்திலிருந்து போனது. புவியியல் மாலைக்குள் முடிந்தது. நான் எழுதிய ஒன்றை நம்பி, யாரையும் கேட்காமல் செய்தேன் என்பது வேப்பிலையை மாற்றும்போதுதான் உறைத்தது.

நாற்பது புத்தகங்களும் தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் முடிந்தன. காளையார்கோவில் பெண் அவற்றை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டு முடித்தாள். சொல்வதை எழுதும் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சிவகங்கையில் தேர்வு எழுதினாள். முடிவு வந்த அன்று பேருந்தில் காரைக்குடிக்கு வந்தாள். அன்றுதான் அவளை நேரில் பார்த்தேன். நான் நினைத்ததைவிட உயரம். படியேறி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளைத் தடியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சத்துல போச்சுக்கா. ஒரு நாலு கேள்வி" என்றாள்.

ஆச்சி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். சாப்பிடவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்ததை மூன்று பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அவள் பேச்சு தானாகவே அடுத்த அறிவிப்புக்குப் போனது. எந்தப் பாடத்தில் விட்டாள், எதை மறுபடி கேட்க வேண்டும் என்று விரலை மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். முதலிலிருந்து படிக்க வேண்டுமே என்று அவள் ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

ஆச்சி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இங்க வந்து வேலை பாக்குறியா?" என்றார். "புத்தகம் வெளிய போறதுக்கு முன்னாடி முழுசாக் கேட்டு, சரியா இருக்குன்னு சொல்ல எனக்கு ஒரு ஆள் வேணும். எங்க காதுக்கு அந்த ரெண்டு காரணம் தெரியல பாரு."

அவள் யோசித்தாள். "வாரத்துல ரெண்டு நாள்னா வாரேன் ஆச்சி. மிச்ச நாள் படிக்கணும். பரீட்சை நெருங்குனா ஒரு மாசம் வர மாட்டேன்."

"அதுக்கென்ன, எழுதிட்டு வா."

அவள் வெள்ளி, சனிக்கிழமைகளில் வருகிறாள். எனக்கும் அந்த ஐப்பசி மாதத்தில் வேலை கிடைத்தது, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. நேர்காணலில், நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தைச் சொன்னேன். காளையார்கோவில் பேருந்தையும் சேர்த்தே சொன்னேன். எதிர்ப்பக்கம் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். சனிக்கிழமை முற்பகல்களை மாடி அறைக்கு ஒதுக்கிக்கொண்டேன்.

இந்தச் சனிக்கிழமை நான் போனபோது அவள் இயர்போனை ஒரு காதிலிருந்து எடுத்துவிட்டு, வெகு நிதானமாகச் சொன்னாள்: "அக்கா, சங்க காலம் கிலோமீட்டர் முந்நூறுல ஆரம்பிக்குதாம்."

கி.மு. என்பதை ஸ்கேனில் கி.மீ. என்று பிரித்தெடுத்திருக்கிறது, குரல் அதை விரித்து வாசித்திருக்கிறது. ஆச்சி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேறு எந்தெந்தப் புத்தகத்தில் இப்படி இருக்கும் என்று அவள் ஏற்கெனவே ஒரு பட்டியல் வைத்திருந்தாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.